நின்றால் ஆடுகிறது, ஓடினால் ஆடவில்லை!

சிக்னலில் ஒரு கார் நிற்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவரின் கை லேசாக நடுங்குகிறது. பின்னால் வரும் வண்டிகளைக் காட்டும் கண்ணாடியும் நடுங்க, அதில் தெரியும் பேருந்து இரண்டு மூன்றாகத் தெரிகிறது. இன்ஜின் சத்தம் ‘டுர்ர்ர்’ என்று ஒரே சீராக வரவில்லை. நடுநடுவே இடறி விழுந்து எழுந்து வருகிறது. பச்சை விளக்கு விழுந்ததும் கார் இரண்டு உதறு உதறிவிட்டுக் கிளம்புகிறது. வேகம் நாற்பதைத் தாண்டியதும் பார்த்தால், நடுக்கத்தைக் காணோம்! எதுவுமே நடக்காததுபோல் வழுக்கிக்கொண்டு போகிறது.

“ஓடும்போது நல்லாத்தானே ஓடுது, அப்புறம் பாத்துக்கலாம்” என்று பெரியவர்கள் தள்ளிப்போடுவது இந்தக் காரணத்தால்தான். மெக்கானிக் ஷெட்டில் இதற்கு ஒரு பேச்சு உண்டு: “ஐடிலிங்ல மிஸ் அடிக்குது.” கார் நகராமல் இன்ஜின் மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருப்பது ஐடிலிங். எரிய வேண்டிய நேரத்தில் ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுவிடுவது மிஸ்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒரு கேள்வி. ஏதாவது ஒன்று பழுதாகியிருந்தால், வேகம் கூடக் கூடத் தொல்லையும் கூடத்தானே வேண்டும்? மெதுவாக ஓடும்போது தொல்லை கொடுத்துவிட்டு, வேகமாக ஓடும்போது ஏன் ஒளிந்துகொள்கிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால், பழுது எங்கே இருக்கிறது என்பதிலும் பாதி தெரிந்துவிடும்.

முதலில் இன்ஜினுக்குள் எட்டிப் பார்ப்போம். சாதாரணமான ஒரு பெட்ரோல் காரில் நான்கு சிலிண்டர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. மேலே ஏறும்போது அந்தக் கலவை அழுத்தப்படுகிறது. அப்போது ஸ்பார்க் பிளக்கில் ஒரு பொறி. கலவை பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி மேலே ஏறும்போது புகை வெளியேறுகிறது. உறிஞ்சு, அழுத்து, எரி, துப்பு. இந்த நான்கையும் ஒரே வரிசையில் செய்யும் இன்ஜினை ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் ஓட்டிக் காட்டினார். இன்றைக்கும் தெருவில் போகும் பெட்ரோல் கார்கள் அதைத்தான் செய்கின்றன.

இந்த நான்கு வேலையும் முடிய, பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஐடிலிங்கில் அது நிமிடத்துக்கு சுமார் 800 சுற்றுச் சுற்றும். அப்படியானால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறை எரிகிறது. நான்கும் சேர்ந்தால் 1,600 முறை. ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 27 தள்ளு. அத்தனை தள்ளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சம இடைவெளியில் வருவதால்தான் நம் காதுக்கு அது ஒரே சீரான ‘டுர்ர்ர்’.

இப்போது ஒரு சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தள்ளுக்கு ஒரு தள்ளு காணாமல் போகிறது. வினாடிக்குச் சுமார் ஏழு இடங்களில் வெற்றிடம். இந்த ஏழு என்ற எண் பொல்லாதது. இன்ஜின் காரின் உடம்போடு நேராக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவில் ரப்பர் மவுண்டிங் வைத்திருப்பார்கள். வினாடிக்கு 27 என்ற வேகமான அதிர்வை அந்த ரப்பர் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஏழு என்ற மெதுவான ஆட்டத்தை அதனால் விழுங்க முடியாது. சில நேரம் அதுவும் கூடச் சேர்ந்துகொண்டு ஆடும். அந்த ஆட்டம்தான் இருக்கை வழியாக நம் முதுகுக்கு வருகிறது.

சரி, வேகமாக ஓடும்போதும் அதே சிலிண்டர் எரியாமல் இருக்கலாமே, அப்போது ஏன் தெரிவதில்லை?

உங்கள் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பெடலை மட்டும் கையால், அதுவும் அது கீழே இறங்கும்போது மட்டும் தள்ளுங்கள். மேலே வரும்போது தொடாதீர்கள். மெதுவாகத் தள்ளினால் பின்சக்கரம் விட்டு விட்டுச் சுற்றும். ஒவ்வொரு தள்ளும் தனித்தனியாகத் தெரியும். வேகம் பிடித்த பிறகு பாருங்கள். நீங்கள் தள்ளாத பாதி நேரமும் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்ஜினின் ஒரு முனையில் இதே வேலைக்கென்றே கனமான ஒரு இரும்புச் சக்கரம் இருக்கிறது. பெயர் ஃபிளைவீல். தள்ளு வரும்போது ஆற்றலைச் சேர்த்துவைத்து, தள்ளு இல்லாதபோது கொடுக்கும்.

சுற்றும் சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. 800 சுற்றிலிருந்து 3,000 சுற்றுக்குப் போனால் வேகம் 3.75 மடங்குதான். ஆனால் 3.75-ஐ 3.75-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 14! அதாவது 3,000 சுற்றில் ஃபிளைவீலின் கையிருப்பு ஐடிலிங்கில் இருப்பதைப்போல் 14 மடங்கு. ஒரு தள்ளு தவறினால் அதற்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஐடிலிங்கிலோ கையிருப்பு கொஞ்சம். ஒரு தள்ளு தவறினாலும் சுற்று தடுமாறுகிறது.

இது முதல் காரணம். ஆனால் இதோடு முடியவில்லை. மெதுவாக ஓடும்போது மட்டுமே எரியாமல் போய், வேகமானதும் உண்மையாகவே சரியாகிவிடும் சிலிண்டர்களும் உண்டு. அதுதான் இன்னும் வேடிக்கை.

பெட்ரோல் இன்ஜினுக்குள் காற்று போகும் வழியில் ஒரு கதவு இருக்கிறது. திராட்டில் என்று பெயர். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும். ஐடிலிங்கில் ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சுகின்றன, கதவோ மூடியிருக்கிறது. அதனால் கதவுக்கு உள்பக்கம் உள்ள குழாயில் அழுத்தம் குறைந்து, வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக வந்துவிடும். அந்தக் குழாயில், அல்லது அதோடு சேர்ந்த ரப்பர் ஹோஸ் ஒன்றில், வெடிப்பு விட்டிருந்தால் என்ன ஆகும்? ‘ஸ்ஸ்ஸ்’ என்று வெளிக்காற்று உள்ளே பாயும்.

ஒரு கணக்குப் போடுவோம். 1.2 லிட்டர் இன்ஜின், 800 சுற்று. இரண்டு சுற்றுக்கு 1.2 லிட்டர் கொள்ளளவு. நிமிடத்துக்கு 400 முறை, ஆக 480 லிட்டர். ஆனால் உள்ளே வரும் காற்று மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில்தான் இருக்கிறது. ஆகவே அது குடிக்கும் வெளிக்காற்று நிமிடத்துக்குச் சுமார் 160 லிட்டர். வெடிப்பின் வழியாக 16 லிட்டர் திருட்டுத்தனமாக நுழைந்தால்கூட அது பத்தில் ஒரு பங்கு! இதே இன்ஜின் 4,000 சுற்றில், கதவு முழுதாகத் திறந்து ஓடும்போது நிமிடத்துக்கு 2,400 லிட்டர் வரை குடிக்கும். அந்த வெள்ளத்தில் 16 லிட்டர் நூற்றில் ஒன்றுகூட இல்லை. அதுவும் கதவு திறந்துவிட்டதால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். வெடிப்பு வழியாக 16 லிட்டர் வருவதே சந்தேகம்.

காற்று கூடினால் என்ன கெட்டுவிடும்? ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த அளவை ஒட்டியே காரில் உள்ள கணினி பெட்ரோலைத் தெளிக்கிறது. காற்றின் ஓட்டத்தை அளக்கும் சென்சார் உள்ள கார்களில், அந்த சென்சாரைத் தாண்டி வெடிப்பு வழியே வந்த காற்று கணக்கில் ஏறாது. கணினி குறைவாகப் பெட்ரோல் கொடுக்கும், கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவை பொறியைப் பார்த்தாலும் பற்றாது, அல்லது சோம்பலாகப் பற்றும்.

மூன்றாவது காரணம் நேரம். பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கலவையை அழுத்த, 800 சுற்றில் ஒரு வினாடியின் ஆயிரத்தில் 37 பங்கு ஆகிறது. 4,000 சுற்றில் ஆயிரத்தில் ஏழரைப் பங்குதான். வால்வு சரியாக மூடாமல் கொஞ்சம் ஒழுகுகிறது என்றால், மெதுவாக ஓடும்போது ஒழுகுவதற்கு ஐந்து மடங்கு நேரம் கிடைக்கிறது. வேகமாக ஓடும்போது ஒழுகி முடிவதற்குள் எரிந்தே முடிந்துவிடுகிறது.

ஆக, மெதுவாக ஓடுவதுதான் இன்ஜினுக்குக் கஷ்டமான வேலை. நாம் அதை ஓய்வு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

இதற்கு நேர் எதிரான பழுதுகளும் இருக்கின்றன. பெட்ரோல் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, பெட்ரோல் பம்ப் சோர்ந்துபோனாலோ ஐடிலிங் அருமையாக இருக்கும். மேட்டில் ஏறும்போதுதான் கார் திணறும். மெதுவாக ஓடத் தேவையான கொஞ்சம் பெட்ரோலை அடைத்த ஃபில்டரும் கொடுத்துவிடுமே! அதனால் “எப்போ ஆடுது?” என்ற கேள்விக்கு மதிப்பு அதிகம். அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இப்படித்தான் ஆரம்பிப்பார்:

“நின்னுக்கிட்டு இருக்கும்போது ஆடுதா சார், இல்ல கிளம்பும்போதா?”

“நின்னாலே ஆடுதுண்ணே.”

“கியரை நியூட்ரல்ல போட்டா?”

“அப்பவும் ஆடுது.”

“காலைல எடுத்த உடனேயா, சூடானப்புறமா?”

“ரெண்டு நேரமும்தான்.”

“ஏசி?”

“ஏசி போட்டா இன்னும் ஜாஸ்தி.”

சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் ஒரு பக்கத்துக் கதவைச் சாத்துகிறது. நியூட்ரலில் ஆடாமல், முதல் கியரில் கிளட்சை விடும்போது மட்டும் ஆடினால் குற்றவாளி இன்ஜின் இல்லை, கிளட்சாக இருக்கலாம். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியர் போட்டுக்கொண்டு உதறினால் பழுதே இல்லை. ஓட்டுகிறவர் கியரைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லா சிலிண்டரும் ஒழுங்காக எரிந்து, சத்தமும் சீராக இருந்து, ஆட்டம் மட்டும் இருந்தால் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கும். ஏசி போட்டால் அதன் கம்ப்ரசரையும் இன்ஜின்தான் சுற்ற வேண்டும். ஏற்கெனவே மூன்று சிலிண்டரில் தடுமாறிக்கொண்டிருக்கும் இன்ஜினின் தலையில் இன்னொரு சுமை.

இன்னொன்று. நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் பலவற்றில் சிலிண்டர் மூன்றுதான். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினும் அப்படித்தான். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் ஆடுவது பிறவிக் குணம். அதை நான்கு சிலிண்டர் காரோடு ஒப்பிட்டு “பழுது, பழுது” என்று ஷெட்டுக்கு ஓடக் கூடாது. நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று அதே காரோடுதான் அதை ஒப்பிட வேண்டும்.

நம்முடைய காருக்கு வருவோம். பழுது இன்ஜினில்தான் என்று ஆகிவிட்டது. நான்கு சிலிண்டரில் எது? இதைக் கண்டுபிடிக்கும் அழகான வழி ஒன்று நூறு வருடங்களுக்கு முன்பே இருந்தது.

1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் ‘மாடல் டி’ என்ற காரைச் செய்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்தார்கள். அதில் ஓட்டுநருக்கு எட்டும் இடத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள். காயில் என்பது பேட்டரி போன்ற ஒன்றிலிருந்து வரும் சிறிய மின்னழுத்தத்தை, பிளக்கின் நுனியில் உள்ள இடைவெளியைப் பொறி தாண்டும் அளவுக்குப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும் கம்பிச்சுருள். மாடல் டி காயிலின் தலையில் ஒரு மெல்லிய உலோகத் தகடு ‘ஸ்ஸிங்’ என்று அதிர்ந்துகொண்டே இருக்கும். அதை விரலால் அழுத்திப் பிடித்துவிட்டால் அந்தச் சிலிண்டருக்குப் பொறி கிடையாது.

இன்ஜின் மிஸ் அடித்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? முதலில் 1, 4 இரண்டின் தகடுகளையும் அழுத்திப் பிடிப்பார்கள். இப்போது 2-உம் 3-உம் மட்டும் இன்ஜினை ஓட்டுகின்றன. சத்தம் சீராக வந்தால் அவை இரண்டும் நல்ல பிள்ளைகள். குற்றவாளி 1 அல்லது 4. அடுத்து 4-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பிடிப்பார்கள். அதுவும் ஒழுங்காக எரிந்தால் மிச்சம் இருப்பது 1. ஒரு கருவியும் இல்லை, ஒரு ஆணியையும் கழற்றவில்லை. இரண்டே கேள்வியில் நான்கு பேரில் ஒருவரைப் பிடித்தாகிவிட்டது! ஒவ்வொரு கேள்விக்கும் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைகிறது. கணினி நிரல் எழுதுகிறவர்கள் பெரிய பட்டியலில் ஒன்றைத் தேடும்போது செய்வதும் இதுவேதான்.

ஏன் 1-ஐயும் 4-ஐயும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், 1-ஐயும் 2-ஐயும் பிடித்தால் ஆகாதா? மாடல் டி சிலிண்டர்கள் எரியும் வரிசை 1, 2, 4, 3. இதில் ஒன்றுவிட்டு ஒன்றை நிறுத்தினால் மிச்சம் இரண்டும் சம இடைவெளியில் எரியும். அடுத்தடுத்த இரண்டை நிறுத்தினால், நல்ல சிலிண்டர்கள்கூட நொண்டி அடிப்பதுபோலக் கேட்கும், நாம் ஏமாந்துபோவோம். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

இன்றைய காரில் விரலை வைத்து அழுத்த எதுவும் இல்லை. கணினியே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சரியாகச் சொன்னால் கேட்கவில்லை, நேரம் பார்க்கிறது. கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பல கார்களில் அதில் 60 பல்லுக்கு இடம் வைத்து, இரண்டை மட்டும் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். ஆக 58 பற்கள். அந்த ஓட்டைப்பல் இடம்தான் சுற்று எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளம். ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கணினி அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரிந்தால் சக்கரத்துக்கு ஒரு உந்து கிடைத்து, பற்கள் கொஞ்சம் சீக்கிரம் கடக்கும். எரியாவிட்டால் கொஞ்சம் தாமதமாகும். நம் கண்ணுக்கோ காதுக்கோ எட்டாத அந்தத் தாமதத்தை வைத்து, ‘இந்த நேரத்தில் எரிய வேண்டியது இரண்டாம் சிலிண்டர், அது எரியவில்லை’ என்று கண்டுபிடித்துவிடும்.

பிறகு மீட்டரில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கை ஏற்றி, உள்ளே ஒரு குறியீட்டை எழுதிவைக்கும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினால் அது தெரியும். பி 0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ், பி 0302 என்றால் இரண்டாவது, இப்படியே. பி 0300 என்றால் ஒன்று என்று இல்லை, எங்கெங்கோ மிஸ். அப்போது தனிச் சிலிண்டரை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்: காற்றுக் கசிவு, பெட்ரோல், அழுக்குப் பிடித்த திராட்டில்.

நம் காரில் வந்தது பி 0302.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ‘இரண்டாம் சிலிண்டர் மிஸ்’ என்று ஸ்கேனர் சொன்னதும் புது காயில், புது பிளக், புது இன்ஜெக்டர் என்று வாங்கி மாட்டிவிடுவது. ஸ்கேனர் எது எரியவில்லை என்றுதான் சொன்னது. ஏன் எரியவில்லை என்று சொல்லவே இல்லை. பொறி இல்லாவிட்டாலும் எரியாது, பெட்ரோல் வராவிட்டாலும் எரியாது, அழுத்தம் நிற்காவிட்டாலும் எரியாது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் சாமான் வாங்குவது காசைக் கரைக்கும் வழி.

காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. இப்போதைய கார்கள் பலவற்றில், அந்தக் கால மாடல் டி போலவே, சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கிறது. ஆனால் பெட்டியில் இல்லை, பிளக்கின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டாம் சிலிண்டரின் காயிலை எடுத்து மூன்றாவதில் மாட்டுங்கள். மூன்றாவதை இரண்டாவதில் மாட்டுங்கள். வேறு எதையும் தொடக் கூடாது. மெக்கானிக் பழைய குறியீட்டை அழித்துவிட்டு இன்ஜினை ஓட்டுகிறார். இப்போது பி 0303 வந்தால்? பழுது காயிலோடு கூடவே நடந்துவந்துவிட்டது! காயில்தான் திருடன். மறுபடியும் பி 0302-ஏ வந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இதேபோல இடம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

காயிலையும் பிளக்கையும் ஒன்றாகவே இடம் மாற்றினால் வேலை சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். பழுது மூன்றாவதுக்குப் போகும், சரி. இரண்டில் எதன் முதுகில் ஏறிப் போனது? தெரியாது. சோதனைக்கூடத்தில் ஆசிரியர் “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று” என்று சொல்வாரே, அது இதற்காகத்தான்.

பிளக்கைக் கழற்றியதும் அதன் நுனியைப் பார்க்காமல் வைத்துவிடக் கூடாது. சாம்பல் கலந்த இளம்பழுப்பு நிறம் என்றால் உள்ளே எல்லாம் நலம். காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துக் கிடந்தால் கலவை மெலிந்து சூடு ஏறியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்ஜின் ஆயில் ஏதோ வழியில் உள்ளே வருகிறது. பெட்ரோலில் நனைந்து வந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பற்றவைக்க ஆள் இல்லை. நான்கு பிளக்கையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டால் இன்னும் தெளிவு. மூன்று ஒரே நிறம், ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் பழுது அந்த ஒன்றில். நான்குமே வெளுத்திருந்தால் பொதுவான கோளாறு.

பொறி சரியாக இருக்கிறது என்றால் அடுத்தது பெட்ரோல். அதைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் ஐடிலிங்கில் ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நேரம்தான் திறந்து மூடுகிறது. அது மூடித் திறக்கும் ‘டிக் டிக்’ சத்தத்தை, நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை அதன்மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கிற மெக்கானிக்குகள் உண்டு. மூன்று இன்ஜெக்டர் பேசி, ஒன்று மௌனம் என்றால் விஷயம் புரிந்துவிடும். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் போன்ற ஒன்றையே இதற்கென்று விற்கவும் செய்கிறார்கள்.

காற்றுக் கசிவைத் தேடுவது கொஞ்சம் சிரமம். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருக்கும். நல்ல ஷெட்களில் இன்ஜினை நிறுத்திவிட்டு, காற்றுக்குழாய்க்குள் வெள்ளைப் புகையை மெல்ல ஊதுவார்கள். எங்கே ஓட்டையோ அங்கே புகை எட்டிப் பார்க்கும். எனக்குத் தெரிந்து காரில் செய்யும் சோதனைகளில் பார்க்க அழகானது இதுதான்.

நீங்கள் பானெட்டைத் திறந்து இவற்றையெல்லாம் செய்துபார்க்க ஆசைப்படுவீர்கள். ஓடும் இன்ஜினுக்குப் பக்கத்தில் கையை நீட்டாதீர்கள். பெல்ட் துணியை இழுத்துக்கொள்ளும். ரேடியேட்டர் ஃபேன் நின்றிருந்தாலும் சூடு ஏறினால் தானாகச் சுற்றத் தொடங்கும். காயிலில் இருப்பது பத்தாயிரக்கணக்கான வோல்ட். சைலன்சர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேட்பதும், எப்போது ஆடுகிறது என்று குறித்துவைப்பதும் உங்கள் வேலை. கழற்றுவது பெரியவர்கள் வேலை. அந்த மஞ்சள் விளக்கு எரிந்தபடி இருக்காமல் விட்டு விட்டு மின்னினால் மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள், உடனே சொல்லிவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதை உருக்கிவிடும். விலை அதிகமான சாமான் அது.

இப்போது உங்களுக்கு ஒரு வழக்கு. நான்கு சிலிண்டர் கார். நின்றால் பயங்கரமாக ஆடுகிறது, ஓடினால் கொஞ்சம் பரவாயில்லை. ஸ்கேனரில் இரண்டு குறியீடுகள்: பி 0302, பி 0303. காயிலை மாற்றி மாற்றி வைத்தாயிற்று, பிளக்கை மாற்றி வைத்தாயிற்று, குறியீடுகள் அசையவில்லை. இன்ஜெக்டர் நான்கும் ‘டிக் டிக்’ என்கின்றன. பிளக் இருந்த ஓட்டையில் அழுத்தம் அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தார்கள். 1-லும் 4-லும் அழுத்தம் நன்றாக இருக்கிறது. 2-லும் 3-லும் குறைவு. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைவு. என்ன ஆகியிருக்கும்? சிலிண்டர்கள் எரியும் வரிசை 1, 3, 4, 2. ஒரு காகிதத்தில் வரைந்து பாருங்கள்.

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

இரண்டு சிலிண்டர் ஒரே நாளில், ஒரே அளவில், தனித்தனியாகக் கெட்டுப்போவது அபூர்வம். அவை இரண்டும் அக்கம் பக்கத்தில் இருப்பவை என்பதுதான் துப்பு. சிலிண்டர்களுக்கும் அவற்றின் மூடியான ஹெட்டுக்கும் நடுவில், காற்று கசியாமல் இருக்க ஹெட் கேஸ்கெட் என்ற மெல்லிய தகடு வைத்து இறுக்கியிருப்பார்கள். 2-க்கும் 3-க்கும் நடுவில் அது எரிந்து வழிவிட்டிருக்கிறது. 1, 3, 4, 2 என்ற வரிசைப்படி, இரண்டாம் சிலிண்டர் கலவையை அழுத்தும் அதே நேரத்தில் மூன்றாம் சிலிண்டர் வால்வைத் திறந்துவைத்துப் புகையைத் துப்பிக்கொண்டிருக்கும். அழுத்தப்பட்ட கலவை சுவரின் மேல்விளிம்பு வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து சைலன்சருக்குப் போய்விடுகிறது. அடுத்த சுற்றில் மூன்று அழுத்தும், இரண்டு துப்பும். கலவை இந்தப் பக்கமாகத் தப்பிக்கும். மெதுவாக ஓடும்போது தப்பிக்க நேரம் அதிகம். மெக்கானிக் ஹெட்டைக் கழற்றித் தூக்கினால் அந்த இரண்டு வட்டங்களுக்கு நடுவே கேஸ்கெட்டில் கறுத்த ஒரு தடம் இருக்கும். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்புச் சட்டம் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் தேய்த்துச் சமன்செய்து, புது கேஸ்கெட் போட்டு இறுக்குவார்.